மான் வேட்டைக்கு மடக்குக் கத்தி போதுமா?

டெக்சஸின் டாலஸிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கும் கேள்வி இது. வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்துவிட்டார். நவம்பரில் விஸ்கான்சினில், கூட வேலை பார்த்தவர் ஒருவரின் பண்ணைக்கு முதல் தடவையாக மான் வேட்டைக்குப் போகிறார். கையில் ஒரு பக் 110 மடக்குக் கத்தி இருக்கிறது. சுட்ட மானை விழுந்த இடத்திலேயே வயிறு திறந்து குடல் எடுக்க அது போதுமா, இல்லை உறையோடு வரும் மடங்காத கத்தி ஒன்று தனியாக வாங்க வேண்டுமா? விமானத்தில் இதையெல்லாம் எப்படிக் கொண்டுபோவது?

போதும். வெள்ளைவால் மானின் வயிற்றைத் திறந்து உள்ளுறுப்புகளை வெளியே எடுக்க மூன்று அங்குல அலகு தாராளம். மூன்றே முக்கால் அங்குலம் உள்ள பக் 110 ஒரு சுற்றுப் பெரிசு என்றுகூடச் சொல்லலாம். மடக்குக் கத்திக்குப் பலம் பத்தாது என்று உங்களிடம் சொன்னவர்கள் தப்பான இடத்தைக் காட்டிப் பயமுறுத்துகிறார்கள். இந்த வேலையில் வெட்டப்போவது தோல், மெல்லிய வயிற்றுச் சுவர், ஒரு உதரவிதானம், ஒரு மூச்சுக்குழாய், மலக்குடலைச் சுற்றிக் கொஞ்சம் சவ்வு. எலும்பு எதையும் வெட்ட வேண்டியதில்லை. தொல்லை அலகில் இல்லை, அலகும் பிடியும் சேரும் கீலில் இருக்கிறது. கொழுப்பும் மயிரும் ரத்தமும் அங்கே போய் அடைந்தால் என்ன ஆகும், வழுக்கும் கையால் அதை மூடுவது எப்படி, வேலைக்கு நடுவே திறந்த கத்தியை எங்கே வைப்பது, முடிந்தபின் எப்படிக் கழுவுவது என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். இங்கே பேசுவது உரிமம் வாங்கி, பருவம் பார்த்து, மாநில அரசு கணக்கு வைத்து நடத்தும் அமெரிக்க வேட்டையைப் பற்றி.

உங்கள் கத்தியிலிருந்தே தொடங்கலாம். ஒரு காலத்தில் அமெரிக்க வேட்டைக்காரரின் இடுப்பில் தொங்கியது பெரும்பாலும் உறைக்கத்திதான். சட்டைப்பையில் ஒரு மடக்குக் கத்தியும் இருக்கும், ஆனால் அதன் அலகு ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் மட்டும் திறந்து நிற்கும், பூட்டு கிடையாது. கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் இருந்த பக் கம்பெனி 1964இல் 110ஐக் கொண்டுவந்தது. பிடியின் முதுகில் ஒரு எஃகுத் தண்டு ஓடும். அலகு முழுசாகத் திறந்ததும் அந்தத் தண்டின் மூக்கு அலகின் அடியில் உள்ள பள்ளத்தில் டக்கென்று விழுந்து பிடித்துக்கொள்ளும். பூட்டுள்ள மடக்குக் கத்திகள் அதற்கு முன்னும் உண்டு. வேட்டைக்கு எடுத்துப்போகலாம் என்று ஜனங்கள் பரவலாக நம்ப ஆரம்பித்தது இதற்குப் பிறகுதான். எத்தனையோ கம்பெனிகள் அதே உருவத்தைப் பார்த்துச் செய்தன. கம்பெனி 2005இல் ஐடஹோவின் போஸ்ட் ஃபால்ஸுக்கு இடம்பெயர்ந்தது, கத்தி மட்டும் பெரிதாக மாறவில்லை. பித்தளைத் தலைப்பு, மரப் பிடி, 420 ஹெச்.சி. எஃகு, சுமார் 200 கிராம் எடை. பேன்ட் பையில் போட்டால் பேன்ட் இறங்கும். அதனால்தான் இடுப்பு வாரில் மாட்ட உறையும் சேர்த்தே விற்கிறார்கள். இடுப்பில் உறை மாட்டித்தான் தீரவேண்டும் என்றால் மடக்குக் கத்தி எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, பின்னால் வருகிறேன்.

முதலில் பூட்டு. சாதாரணமாக அறுக்கும்போது சதை கத்தியின் வாய்ப்பக்கத்தை, அதாவது கூர்ப்பக்கத்தை, எதிர்த்துத் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் அலகை மேலும் திறக்கும் திசையில்தான் போகும், தாங்குவது பிடியில் உள்ள தடுப்பு. அதாவது ஒழுங்காக அறுக்கும்வரை பூட்டுக்கு வேலையே இல்லை. பூட்டில்லாத சின்னப் பேனாக்கத்தியை வைத்துத் தாத்தாமார்கள் மான் சுத்தம் செய்ததும் இதனால்தான். பூட்டு தேவைப்படும் தருணங்கள் வேறு. விலாக்கூட்டுக்குள் கை விட்டிருக்கும்போது அலகின் முதுகு எலும்பில் இடித்தால் அது மடக்கும் திசை. குத்தித் திருகினால் மடக்கும் திசை. எலும்பில் மாட்டிய அலகை ஆட்டி ஆட்டி இழுத்தாலும் அப்படித்தான். அலகின் முதுகில் ஆள்காட்டி விரலை வைத்து அழுத்திக்கொண்டே போகும்போது எதிரே சவ்வு சட்டென்று விட்டுக்கொடுத்தால், விரலின் அழுத்தம் முழுவதும் மடக்கும் பக்கமாகப் போகும். அந்த நொடியில் பூட்டு பிடிக்கவில்லை என்றால் அலகு வந்து உட்காரும் இடம் உங்கள் விரல்.

பூட்டு எப்போது பிடிக்காமல் போகும்? தண்டின் மூக்கு விழவேண்டிய பள்ளத்தில் கொழுப்பு அடைந்திருந்தால். மான் கொழுப்பு ஆட்டுக் கொழுப்பு மாதிரிதான், சூடாக இருக்கும்போது எண்ணெயாக ஓடும், நவம்பர் குளிரில் இரண்டே நிமிடத்தில் மெழுகாக இறுகும். அதோடு நாலு மயிர் சேர்ந்தால் பள்ளம் பாதி மூடிவிடும். இப்போது கத்தியை ஒருமுறை மடக்கித் திறந்தால், அந்த டக் சத்தம் மந்தமாக, ஒரு சப்பென்ற சத்தமாக வரும். பிடியின் முதுகை விரலால் தடவிப் பாருங்கள்: நல்ல நிலையில் தண்டும் பிடியும் ஒரே மட்டமாக இருக்கும், அடைத்திருந்தால் தண்டு ஒரு மயிரிழை தூக்கி நிற்கும். அப்படி நின்றால் அது பூட்டியதாகக் கணக்கில்லை. இதிலிருந்து வரும் விதி சின்னது: திறந்த கத்தியைக் கழுவும்வரை மடக்கக் கூடாது. வேலை ஆரம்பிக்கும் முன் சுத்தமான கையால் ஒருமுறை திறப்பது, வீட்டுக்கோ பண்ணைக் கொட்டகைக்கோ வந்து கழுவியபின் ஒருமுறை மூடுவது. நடுவில் கிடையாது.

அப்படியானால் நடுவில் எங்கே வைப்பது? உண்மையில் மடக்குக் கத்தி தோற்கும் இடம் இதுதான், யாரும் அதிகம் பேசமாட்டார்கள். உறைக்கத்தி என்றால் இரண்டு கையும் தேவைப்படும்போது உறையில் செருகிவிடலாம். திறந்த மடக்குக் கத்தியைச் செருக இடமில்லை. பல்லில் கவ்வுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், மண்ணில் குத்தி வைக்கிறவர்களையும். மண்ணில் குத்தினால் வாய் போச்சு, மண்ணும் கறிக்கு வரும். இலைச் சருகின்மேல் வைத்தால் பழுப்புப் பிடியுள்ள கத்தி கண்ணுக்குத் தெரியாது, முழங்கால் போட்டு உட்காரும் இடமும் அதுவாகத்தான் இருக்கும். பழைய அட்டைப்பெட்டியில் கிழித்த ஒரு துண்டு அட்டை, அல்லது ஒரு ஆரஞ்சுத் துணியை மானின் தலைப்பக்கம் விரித்து, கையில் இல்லாத நேரமெல்லாம் கத்தி அங்கேதான் என்று பழக்கிக்கொள்ளுங்கள்.

இனி வேலை. மான் விழுந்ததும் ஓடிப்போய்க் கத்தியை எடுக்காதீர்கள். பின்பக்கமாக நெருங்கி, நீளமான குச்சியால் கண்ணைத் தொட்டுப் பாருங்கள். இமைக்கவில்லை என்றால் உயிர் போய்விட்டது. துப்பாக்கியைக் காலிசெய்து ஓரமாக வையுங்கள். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி, கடிகாரம் மோதிரம் கழற்றி, ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஆரஞ்சு மேலாடையை மட்டும் கழற்ற வேண்டாம். விஸ்கான்சினில் துப்பாக்கியால் வேட்டையாடும் பருவத்தில் இடுப்புக்கு மேல் உடுப்பின் பாதியாவது பளீர் ஆரஞ்சோ பளீர் பிங்கோ இருக்கவேண்டும் என்பது சட்டம். சட்டத்தை விடுங்கள், புதருக்குள் குனிந்து ஒரு மானோடு மல்லுக்கட்டும் ஆள்தான் தூரத்தில் இருப்பவன் கண்ணுக்கு மானாகத் தெரிவான்.

மல்லாக்கப் போட்டு, தலைப்பக்கம் சற்று மேடாக இருக்கட்டும். பின்னங்கால் மூட்டின் உள்பக்கத்தில் கறுத்து நாற்றமடிக்கும் ஒரு மயிர்க்கற்றை இருக்கும். ஆண்மானுக்கு நவம்பரில் அது சகிக்காது. அதை முதலில் வெட்டி எறியுங்கள் என்று சில பெரியவர்கள் சொல்வார்கள், கேட்காதீர்கள். தொடாமல் விட்டால் அது கறியை ஒன்றும் செய்யாது. கத்தி வைத்தால் அதன் எண்ணெய் அலகில் ஏறி, அங்கிருந்து கறிக்கு வரும்.

மார்பெலும்பு முடியும் இடத்துக்குக் கீழே தோலைக் கிள்ளித் தூக்கி, அலகின் நுனியால் இரண்டு விரல் நுழையும் அளவு கீறுங்கள். தோலுக்கு அடியில் மெல்லிய சதைச் சுவர், அதற்கும் அடியில் பளபளவென்று ஒரு வெள்ளைச் சவ்வு. அதையும் அப்படியே கிள்ளித் தூக்கித்தான் கீறவேண்டும். நேர் கீழே இரைப்பை உப்பிக்கொண்டு நிற்கிறது, பாதி செரித்த சோளமும் புல்லும் அதில் நிறைந்திருக்கும். நுனி பட்டால் அந்தப் பச்சைச் சாறு கறியெல்லாம் பரவும். உங்கள் பக் 110இல் கவனிக்க வேண்டியது இங்கேதான். அதன் நுனி மேல்பக்கம் சீவி ஊசியாக வரும் முனை, குத்துவதற்கு அருமையானது, வயிறு திறப்பதற்கு அவ்வளவு நல்லதில்லை. முதுகு மெல்லச் சரிந்து இறங்கும் மொண்ணை நுனிக் கத்திகள் இந்த இடத்தில் தேவலை. இருந்தாலும் கை முறை சரியாக இருந்தால் ஊசி நுனியும் ஒன்றும் செய்யாது. இடது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் உள்ளே விட்டுக் கவட்டையாக விரியுங்கள். அந்த இடுக்கில் அலகை வாய் வானத்தைப் பார்க்க வைத்து, விரல்கள் குடலை அமுக்கிப் பிடிக்க, கத்தியும் விரலும் சேர்ந்தே இடுப்புப் பக்கமாக நகரவேண்டும். நுனி எப்போதும் விரல்களுக்கு நடுவில்.

இப்படி உள்ளிருந்து வெளியே அறுப்பதில் இன்னொரு லாபம், வாய் மயிரைத் தொடாது. மான் மயிர் முரடு, அதில் மண்ணும் இருக்கும். மேலிருந்து மயிரோடு சேர்த்து அறுத்தால் எந்த எஃகும் சீக்கிரம் மழுங்கும், நறுங்கிய மயிர் கறியில் ஒட்டும், உங்கள் கீலுக்குள்ளும் போகும். இதற்கென்றே அலகின் முதுகில் கொக்கி வைத்த கத்திகள் விற்கிறார்கள். அந்தக் கொக்கி இரண்டாவது மானுக்குள் மழுங்கிவிடும், வீட்டில் இருக்கும் சாணைக்கல்லில் அதைத் தீட்டவும் முடியாது. இரண்டு விரல் இலவசம்.

அடுத்தது பின்பக்கம். மலவாயைச் சுற்றி வட்டமாக, இடுப்பெலும்பின் உள்சுவரை ஒட்டியே நுனியை ஓட்டி, மலக்குடலை விடுவித்து, ஒரு நூலால் இறுகக் கட்டிவிடுங்கள். மூத்திரப்பை பக்கத்திலேயே இருக்கும், ஜாக்கிரதை. குறுகலான அலகு இங்கே சௌகரியம். இடுப்பெலும்பைக் கத்தியால் பிளந்துவிட்டால் வேலை சுலபம் என்று சொல்வார்கள். உறைக்கத்தியானாலும் நான் செய்யமாட்டேன், மடக்குக் கத்தியால் செய்தால் கீலின் ஆணி தளர்ந்து அலகு பக்கவாட்டில் ஆட ஆரம்பிக்கும். மார்பெலும்புக்கும் அதே பதில். தேவைப்பட்டால் கையளவு எலும்பு ரம்பம் எடுத்துப் போங்கள், தேவைப்படாமலும் முடித்துவிடலாம்.

கடைசிக் கட்டம்தான் ஆபத்தானது. விலா எலும்பை ஒட்டி உதரவிதானத்தை இரண்டு பக்கமும் அறுத்தால் நெஞ்சுக்கூடு திறக்கும், தேங்கிய ரத்தம் வெளியே வரும். பிறகு முழங்கை வரை உள்ளே விட்டு, கழுத்துப் பக்கம் மூச்சுக்குழாயை இடது கையால் தேடிப் பிடிக்க வேண்டும். கெட்டியான வளையங்களாகக் கைக்குத் தட்டுப்படும். அதற்கு மேலே அறுக்கவேண்டும், கண்ணால் பார்க்க முடியாது. பிடித்திருக்கும் இடது கையும் அறுக்கும் வலது கையும் ஒரே இருட்டுக்குள், இரண்டும் ரத்தத்தில் வழுக்குகின்றன. வேட்டைக்காரர்கள் தங்கள் கையையே எளிதில் வெட்டிக்கொள்ளக்கூடிய நிமிடம் இது. சின்ன அலகாக இருக்கட்டும், நுனியை ஆள்காட்டி விரலால் மறைத்துக்கொண்டே உள்ளே போகட்டும். விலாவில் முதுகு இடித்து அலகு மடங்கும் அபாயமும் இங்கேதான், ஆகவே பூட்டில்லாத கத்தியை இந்த இடத்துக்கு மட்டும் கொண்டுவராதீர்கள். அறுத்தபின் கத்தியை வெளியே அட்டையில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் மூச்சுக்குழாயைப் பிடித்துப் பின்பக்கமாக இழுத்தால் மொத்தமும் ஒரே கொத்தாக வந்துவிடும். ஒரு பக்கமாகச் சாய்த்து ரத்தத்தை வடித்து, வயிற்றை ஒரு குச்சி கொடுத்து விரித்து வையுங்கள். உள்ளே ஓடைத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம், காகிதத் துண்டால் துடைத்தால் போதும். கறி சீக்கிரம் 4 டிகிரி செல்சியஸுக்கு இறங்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு அவசரமும். குளிரும் விஸ்கான்சின் நவம்பரிலேயே சில நாள் மதியம் வெயிலடிக்கும், அன்றைக்கு நேரம் கடத்தாதீர்கள்.

இதயமும் ஈரலும் ஒரு பையில் போகட்டும். நம் ஊரில் கறிக்கடைக்காரரிடம் சுவரொட்டியை, அதாவது மண்ணீரலை, சொல்லிவைத்து வாங்குவோம், மூளையையும் விடமாட்டோம். இங்கே அந்த ஆசை வேண்டாம். விஸ்கான்சினில் க்ரானிக் வேஸ்டிங் டிசீஸ் என்ற நோய் மான்களிடம் இருக்கிறது. மூளையை அரித்து, மானை இளைக்கவைத்துக் கொல்லும் நோய். 1967இல் கொலராடோவில் முதலில் கவனித்தார்கள், விஸ்கான்சினில் 2002இல் கண்டுபிடித்தார்கள். காரணம் கிருமியல்ல, பிரியான் என்ற உருக்குலைந்த புரதம். மூளை, தண்டுவடம், கண், டான்சில், நிணநீர் முடிச்சு, மண்ணீரல் ஆகிய இடங்களில் அது சேரும். மனிதருக்கு வந்ததாக இதுவரை உறுதியாகவில்லை, ஆனாலும் நோயுள்ள மானைச் சாப்பிட வேண்டாம் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை. மாநில இயற்கை வளத் துறை இலவசமாகப் பரிசோதித்துத் தரும், தலையைக் கொஞ்சம் கழுத்தோடு சேர்த்து அதற்கென்று வைத்திருக்கும் பெட்டியில் போட்டுவிட்டு வரவேண்டும். மானைப் பதிவு செய்வது வேறு வேலை, அது மறுநாள் மாலை 5 மணிக்குள் முடியவேண்டும். முடிவு வரும்வரை கறியைத் தனியாக உறையவைத்துக் காத்திருங்கள்.

இந்த நோய்க்கும் கத்திக்கும் நேரடித் தொடர்பு உண்டு. பிரியானை வெந்நீரோ ஸ்பிரிட்டோ ஒன்றும் செய்யாது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் 2019இல் காட்டியது: வீட்டு ப்ளீச் இரண்டு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு கலந்து 5 நிமிடம் ஊறவிட்டால் துருப்பிடிக்காத எஃகின் மேற்பரப்பிலுள்ள பிரியான் செயலிழக்கிறது. ஆனால் சதைத் துணுக்குக்குள் ப்ளீச் ஊடுருவாது. கீலுக்குள் ஒரு கடுகளவு சதை ஒளிந்திருந்தால் ஊறவைத்தும் பலனில்லை என்று அர்த்தம். ப்ளீச் பித்தளையைக் கறுக்கவும் வைக்கும். ஆகவே கழுத்தை அறுத்துத் தலையைப் பிரிக்கும் வேலைக்கு உங்கள் பக் 110ஐ எடுக்கவே எடுக்காதீர்கள். அதற்கு ஒரு மலிவான மடங்காத கத்தியைத் தனியாக வைத்துக்கொள்வதுதான் சரி.

சாதாரணக் கழுவலைச் சொல்கிறேன். வீட்டுக்கு வந்ததும், காய்வதற்கு முன், அலகைத் திறந்து நிறுத்தி, சூடான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் பிடியின் உள்பள்ளத்தைத் தேயுங்கள். பக் 110இல் அந்தப் பள்ளம் அடைத்த முதுகுள்ளது, ஒரு பக்கம்தான் திறப்பு. பல்குத்தும் குச்சியை அடி மூலைவரை விட்டு இழுத்தால் ஒரு வெள்ளைத் திரி வரும், அதுதான் இறுகிய கொழுப்பு. பாதி மடக்கியபடி ஒருமுறை, பூட்டுத் தண்டை அமுக்கிப் பிடித்தபடி இன்னொருமுறை தேயுங்கள். பூட்டுப் பள்ளம் அப்போதுதான் வெளியே தெரியும். மரப்பிடியை ஊறப்போட வேண்டாம், கழுவும் இயந்திரத்தில் போடவே வேண்டாம். ஊதி, உதறி, சூடான இடத்தில் இரவு முழுக்கத் திறந்தபடி காயவைத்து, மறுநாள் கீலில் ஒரு சொட்டு மினரல் ஆயில் விடுங்கள். கறி பட்ட கத்தி என்பதால் கடையில் மருந்துப் பகுதியில் விற்கும், சாப்பாட்டில் பட்டால் தப்பில்லாத எண்ணெயாக இருக்கட்டும். ரத்தத்தில் உப்பு உண்டு, துருப்பிடிக்காத எஃகென்று எழுதியிருந்தாலும் கீலுக்குள் ஒரு வாரம் கிடந்தால் புள்ளிபுள்ளியாக அரிக்கும்.

வேறு மடக்குக் கத்திகளையும் கேட்பீர்கள். பிரான்ஸின் ஒப்பினல் அழகானது, மலிவு, வளையத்தைத் திருகிப் பூட்டலாம், மெல்லிய அலகு கறி அறுக்கப் பிரமாதம். ஆனால் பிடி முழுக்க மரம், ஈரம் குடித்தால் உப்பி அலகைக் கவ்விக்கொள்ளும், பிறகு திறப்பதற்குள் போதும்போதும் என்றாகிவிடும். கட்டைவிரலால் தள்ளித் திறக்கும் இன்றைய சட்டைப்பைக் கத்திகளில் பலவற்றுக்குப் பூட்டு பிடியின் உள்ளே ஒரு தகடு. மூடுவதற்கு அலகு வரும் பாதையிலேயே கட்டைவிரலை வைக்கவேண்டும், வழுக்கும் கையோடு அதை நான் விரும்பமாட்டேன். பெஞ்ச்மேட் கம்பெனி பிரபலமாக்கிய குறுக்குத் தண்டுப் பூட்டு, பிடியின் இரு பக்கமும் பிடித்து இழுப்பது, விரல் அலகின் பாதையில் வராது, நல்லது. எதை வாங்கினாலும் பிடியின் முதுகு திறந்து, இந்தப் பக்கம் தண்ணீர் விட்டால் அந்தப் பக்கம் வருமா என்று பாருங்கள். எஃகின் பெயரைவிட இது முக்கியம். எஸ்30வி மாதிரி விலை கூடிய எஃகு கூர்மையை நெடுநேரம் வைத்திருக்கும், உண்மைதான். ஒரு பருவத்துக்கு ஒரு மான் எடுப்பவருக்கு 420 ஹெச்.சி.யும் ஒரு பீங்கான் தீட்டுக்கோலும் போதும்.

தனியாகச் சொல்லவேண்டியது அலகு மாற்றும் வகை. ஹாவலான் கத்தியில் மருத்துவரின் அறுவைக் கத்தி போன்ற மெல்லிய அலகை மாட்டுவீர்கள், மழுங்கினால் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது. கூர்மையில் வேறெதுவும் கிட்டே வராது, தோல் உரிக்கும்போது கை அலுக்காது. நோய்ப் பயம் உள்ள இடத்தில் அலகை எறிந்துவிடலாம் என்பது பெரிய அனுகூலம். ஆனால் பக்கவாட்டில் கொஞ்சம் திருகினாலும் ஒடியும், ஒடிந்த துண்டு கறிக்குள் போனால் தேடிக்கொண்டே இருக்கவேண்டியதுதான். மூட்டுகளைக் கழற்ற அதை எடுக்காதீர்கள். ரத்தக் கையால் அலகு மாற்றுவதும் அபாயம், விரலால் பிடுங்காமல் சின்னக் குறடால் கழற்றுங்கள். பழைய அலகுகளுக்குக் காலி மாத்திரைப் புட்டி ஒன்று பையில் இருக்கட்டும். அவுட்டோர் எட்ஜ் கம்பெனியின் ரேசர் லைட் கத்தியில் அலகுக்குப் பின்னால் தாங்கு தகடு உண்டு, அவ்வளவு சுலபமாக ஒடியாது, கூர்மை ஒரு படி குறைவு. புதிதாக வருகிறவருக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

இனி விட்டுவைத்த கேள்வி: இடுப்பில் உறை மாட்டுவதென்றால் மடங்காத கத்தியே ஏன் கூடாது? கூடாதென்று யார் சொன்னது. ஸ்வீடனின் மோரா கம்பெனி 10 சென்டிமீட்டர் அலகும் பிளாஸ்டிக் உறையும் உள்ள கத்தியை இருபது டாலர் சுற்றி விற்கிறது. கீல் இல்லை, பூட்டு இல்லை, குழாயடியில் காட்டினால் சுத்தம். நாளைக்கு ஒரே ஒரு கத்தி வாங்கு என்று என்னைச் சொன்னால் அதைத்தான் வாங்குவேன், வேட்டைக்காகவே மடக்குக் கத்தி வாங்கமாட்டேன். மடக்குக் கத்தியின் அருமை வேறு. அது எப்போதும் பையில் இருக்கிறது, மரத்தின்மேல் ஏறி உட்கார்ந்தாலும் இடுப்பில் குத்தாது, கயிறு அறுக்க, ஆப்பிள் நறுக்க, மான் கிடைத்தால் மானுக்கும் உதவும். எல்க் என்ற பெரிய மான் மாதிரி முந்நூறு கிலோ மிருகத்தை மலையில் நாலு துண்டாகப் பிரித்துத் தோளில் சுமக்கும் வேலைக்கு அது ஆகாது, அங்கே மணிக்கணக்கில் கைப்பிடி அழுத்தம் தாங்கவேண்டும். உங்களுக்கு ஒரு வெள்ளைவால் மான். இருக்கிற பக் 110ஐக் கொண்டுபோங்கள், பையில் ஒரு மோராவும் போட்டுக்கொள்ளுங்கள்.

தோல் உரிப்பது பண்ணைக் கொட்டகையில் தொங்கவிட்டு நடக்கும். அங்கே பாதி வேலை கத்திக்கே இல்லை. தோலை ஒரு கையால் இழுத்து முஷ்டியால் தள்ளினாலே பிரியும், ஊரில் ஆடு உரிப்பவர்கள் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். சவ்வு பிடிக்கும் இடங்களில் மட்டும் அலகின் வளைந்த வயிற்றுப் பகுதியைத் தோல் பக்கம் சாய்த்து ஓட்டுங்கள். எலும்பிலிருந்து கறியைப் பிரிக்க மேசைக்கு வந்தபின் மடக்குக் கத்தியை மூட்டை கட்டிவிட்டு, சமையலறையில் இருக்கும் ஒல்லியான ஆறு அங்குலக் கத்தியை எடுங்கள். தொடைக்கறியை ஒரே இழுப்பில் அறுக்க நீளம் வேண்டும்.

விமானம்: எந்தக் கத்தியும் கையோடு கொண்டுபோகும் பையில் வரக்கூடாது, மூன்று அங்குலமோ ஒரு அங்குலமோ பேச்சே இல்லை. செக்-இன் பெட்டியில் போடலாம், மடக்கியோ உறையிலோ வைத்து, சோதனை செய்பவரின் கை வெட்டுப்படாதபடி சுற்றிவையுங்கள். ஹாவலான் அலகுகளும் பெட்டிக்குத்தான் போகவேண்டும், சட்டைப்பையில் ஒன்று மறந்துபோய்க் கிடக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது கறியை எலும்பில்லாமல் உறையவைத்து, குளிர்ப்பெட்டியில் போட்டு அதே செக்-இன்னில் அனுப்பலாம். நோயுள்ள மாநிலங்களிலிருந்து மூளையும் முதுகெலும்பும் உள்ள முழு உடலைக் கொண்டுவர டெக்சஸ் உட்படப் பல மாநிலங்களில் தடை உண்டு, ஆகவே எலும்பு நீக்குவதைப் பண்ணையிலேயே முடித்துவிடுங்கள். கொம்பு வேண்டுமென்றால் மண்டையோட்டைச் சதையும் மூளையும் இல்லாமல் சுத்தம் செய்துதான் கொண்டுவர முடியும். அதற்கு ஒருநாள் கூடுதலாகப் பிடிக்கும், திரும்பும் டிக்கெட்டை அதற்குத் தகுந்தாற்போல் போடுங்கள்.